போச்சி பாட்டெல்லாம் காப்பின்னு சொல்றது தப்பு

போச்சி தி ராக் ஒரு ஜப்பான் அனிமே, கெஸ்ஸோகுன்னு பேண்ட் நடத்துற நாலு பொண்ணுங்க கதை; ஏஷியன் குங்-ஃபூ ஜெனரேஷன் நிஜமான ஜப்பான் ராக் பேண்ட். மேல ஒருத்தர் "போச்சி தி ராக்ல கெஸ்ஸோகு பேண்ட் பாடுற எல்லாமே ஏஷியன் குங்-ஃபூ ஜெனரேஷன் பாட்டுதான், சும்மா பொண்ணுங்க குரல்ல மாத்திட்டாங்க"ன்னு போட்டிருக்காரு, அதுக்கு இவ்ளோ லைக் வேற. அப்படி இல்லங்க. கெஸ்ஸோகு பேண்ட் பேர்ல 2022 டிசம்பர்ல வந்த ஆல்பத்துல 14 பாட்டு, அதுல கடைசி ஒண்ணு மட்டும்தான் ஏஷியன் குங்-ஃபூவோடது, 2008ல வந்த "கொரொகாரு இவா". கடைசி எபிசோடு முடியுறப்ப வர்றது அதுதான், கதாநாயகி போச்சிக்கு குரல் குடுத்த அவோயாமா யோஷினோவே பாடியிருப்பாங்க. அப்புறம் 2024 படத்துல அவங்களோட "ரீ:ரீ:"யும் கவர் பண்ணாங்க, ஆனா அது இந்த ஆல்பத்துல இல்ல.

மிச்சதெல்லாம் இந்த அனிமேக்குன்னே புதுசா எழுதினது. ஓப்பனிங் "செய்ஷுன் காம்ப்ளக்ஸ்" வரிகள் ஹிகுச்சி ஐ, மியூசிக் ஒதோஹா. பெரும்பாலான பாட்டு பாடினது, கெஸ்ஸோகுல பாடுற கிதாவுக்கு குரல் குடுத்த ஹசேகவா இகுமி.

குழப்பம் எங்கருந்து வருதுன்னா கோதோ, கிதா, யமதா, இஜிச்சின்னு கதையில வர்ற நாலு பேரோட குடும்பப் பேரும் ஏஷியன் குங்-ஃபூ ஆளுங்களோடது, எபிசோடு டைட்டிலும் பெரும்பாலும் அவங்க பாட்டுப் பேருங்கதான், அதனால பாட்டும் அவங்களோடதுன்னு முடிவு பண்ணிட்டாங்க போல. பேர எடுத்து மரியாதை பண்றது வேற, பாட்ட எடுக்கிறது வேற.

கடைசி எபிசோடு ஸ்கூல் விழால கிட்டார் கம்பி அறுந்ததும் போச்சி தரையில கிடந்த சாகே (ஜப்பான் மது) கப்ப எடுத்து கம்பி மேல தேய்ச்சு சோலோ வாசிப்பாளே, "செய்சா நி நாரேதாரா" பாட்டுல, அதெல்லாம் அந்த சீனுக்காகவே யோசிச்சது சார், எந்த பழைய ரெக்கார்டுல தேடினாலும் கிடைக்காது.