பாட்டு டீச்சருக்கும் வீடு இருக்கு

"பாட்டு டீச்சரா, நல்ல வேலை, வீட்ல இருந்துக்கிட்டே குடும்பத்தையும் பாத்துக்கலாம்"னு சொல்றவங்கள பாத்தா எனக்கு கோவம்தான் வருது. எங்க அண்ணி கர்னாடக சங்கீதம் சொல்லித் தர்றாங்க, ஒரே வீட்ல இருக்கறதால தினமும் பாக்கறேன். மத்தவங்க வேலை முடிச்சு வீட்டுக்கு வர்ற நேரம்தான் இவங்களுக்கு வேலை நேரம். பசங்க ஸ்கூல் விட்டு வந்தாதான் கிளாஸ், சனி ஞாயிறு முழுக்க கிளாஸ், விஜயதசமிக்கு ஊரே லீவு, அன்னிக்குத்தான் புதுசா சேர்றவங்க வெத்தல பாக்கு பழத்தோட காலைலேர்ந்து வருவாங்க. அவங்க பையன் ஸ்கூல் பைய எறக்கி வைக்கும்போது ஹால்ல ஸ்ருதிப் பெட்டி ஓடிக்கிட்டிருக்கும்.

2020 லாக்டவுன்ல ஆரம்பிச்ச ஆன்லைன் கிளாஸ் வேற. கலிபோர்னியா பசங்களுக்கு சாயங்காலம் 6 மணின்னா நமக்கு மறுநாள் காலை 6:30, அது கூட பரவால்ல, நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமை அங்க கடிகாரத்த மாத்துவாங்க, உடனே இங்க 7:30 ஆயிடும், மார்ச் வரைக்கும் அப்படித்தான். ஏழரைன்னா அடுப்புல இட்லி, வாசல்ல ஸ்கூல் வேன் ஹாரன். நெட்ல சத்தம் கொஞ்சம் லேட்டா போய்ச் சேர்றதால கூட சேர்ந்தும் பாட முடியாது, இவங்க ஒரு வரி பாடி நிறுத்தணும், அந்தக் குழந்தை திருப்பிப் பாடணும், தம்புரா சத்தத்த வேற ஜூம் இரைச்சல்னு வெட்டிடும், அதுக்கு எந்த செட்டிங்க மாத்தணும்னும் இவங்கதான் சொல்லித் தரணும்.

யாரும் பேசாத விஷயம் குரல். கட்டைன்னா பாடற சுருதியோட உயரம். பொம்பளப் பிள்ளைங்களுக்கு அஞ்சு, அஞ்சரை கட்டை, பெரிய ஆம்பளைங்க வந்தா ஒரு கட்டை, எல்லாத்துக்கும் ஒரே தொண்டைதான். மாயாமாளவகௌளை ராகத்துல முதல் பாடமான சரளி வரிசை எடுக்கற குழந்தைக்கு ரிஷபம், அதான் அந்த 'ரி' ஸ்வரம், மேல போயிடும், "கொஞ்சம் கீழ நிக்கணும் கண்ணா"ன்னு முகம் சுளிக்காம எத்தன தடவ வேணா பாடிக் காட்டுவாங்க. ராத்திரி அவங்க பையன் கதை கேப்பான், அப்ப தொண்டைல சத்தம் இருக்காது. இவங்க பக்கத்த திருப்ப, அவனே படிச்சுக்கறான். சாதகம், அதாவது தனக்கான பாட்டுப் பயிற்சி, பண்ண எங்க நேரம், விடியக்காலைல எந்திரிச்சாதான் உண்டு. அவங்க பாடலேன்னா எதச் சொல்லித் தருவாங்க?

"எப்படிங்க ரெண்டையும் பேலன்ஸ் பண்றீங்க"ன்னு அவங்ககிட்டயே கேக்கறதுல அர்த்தமே இல்ல, அது நம்ம கைல இருக்கு. எங்க வீட்ல சாயங்கால சமையல அண்ணன்தான் பாக்கறாரு, கிளாஸ் ஓடும்போது குக்கர் வைக்கறதில்ல, மிக்சி போடறதில்ல. இத உதவின்னு சொல்லிக்கறதுல எனக்கு சம்மதமில்ல, அவரும் அந்த வீட்லதான சாப்பிடறாரு.

பேரன்ட்ஸ்கிட்ட ஒண்ணு கேக்கறேன். குழந்தைக்கு ஜுரம், கல்யாணத்துக்குப் போனோம், ரெண்டு கிளாஸ் வரல, ஃபீஸ்ல கம்மி பண்ணிக்கோங்கன்னு மெசேஜ் போடாதீங்க. அந்த நேரத்த உங்க குழந்தைக்குன்னு ஒதுக்கி வச்சிட்டுத்தான் உக்காந்திருந்தாங்க, தன் பையனோட பார்க்குக்குப் போகல. பரீட்சைன்னு மார்ச்ல நிறுத்தி, லீவுக்கு ஊருக்குப் போயிட்டு ஜூன்ல வந்து அதே டைம் வேணும்னு கேக்கறீங்க, நடுவுல அந்த வீடு எப்படி ஓடும்? வரலேன்னா முந்தின நாளே சொல்லிடுங்க, ஃபீஸ மாசத்துக்கு முழுசா குடுங்க, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல "பாப்பா பாடினத அனுப்பியிருக்கேன், கேட்டுட்டு சொல்லுங்க மேடம்"னு வாய்ஸ் நோட் அனுப்பாதீங்க. காலைல அனுப்புங்க, கண்டிப்பா கேப்பாங்க.