பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டால் போதுமா?

"அரசாங்கம் வீடு கொடுத்தாலும் இவங்க திரும்ப ஆத்தங்கரைக்கே வந்துடுறாங்க." சென்னையில் ஆற்றங்கரைக் குடிசைவாசிகளைப் பற்றி இதைச் சொல்லாத ஆளைப் பார்ப்பது கஷ்டம். வராமல் என்ன செய்வார்கள்?

துரைப்பாக்கம் பக்கம் கண்ணகி நகர், சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பின் பெரும்பாக்கம் என்று, நகரின் தென் ஓரத்தில் இவர்களைக் குடியமர்த்திய இடங்கள் பல. கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்களை வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று கூட்டிப்போய்ப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரத்தில் விட்டோம். இந்தக் கூத்தைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

வீடு என்னவோ கான்கிரீட் வீடுதான். ஆனால் மயிலாப்பூரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மா காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும் என்றால் எத்தனை மணிக்குக் கிளம்புவார்? முன்பு நடந்தே போய், இடையில் வந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டிவிட்டு மறுபடி போவார். அவர் வர நேரமானால் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார். குலுக்கலில் வீடு ஒதுக்கியதில் அந்த அக்கா வேறு பிளாக்குக்குப் போய்விட்டார். 2021இல் பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் ஆனது பெரிய உதவி, மறுக்கவில்லை. காசு மிச்சம், நேரம் போனது போனதுதான்.

அப்புறம் தரை. வாசலில் இட்லிக் கடை போட்டவர், இஸ்திரி வண்டி வைத்திருந்தவர், மீன் கூடையோடு உட்கார்ந்தவர் எல்லோருக்கும் வாசல்தான் மூலதனம். ஏழாவது மாடியில் யார் வந்து இட்லி வாங்குவார்கள்? லிஃப்ட் நின்றுவிட்டால் வயதானவர்கள் கீழே இறங்குவதே இல்லை. 2020இல் கண்ணகி நகர்ச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். அழகாகவே இருக்கின்றன. ஆனால் அந்த ஏரியா பேரைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று முகவரியை மாற்றிச் சொல்லும் பையன்களுக்கு ஓவியம் என்ன செய்யும்? 2025இல் ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற அணியில் இருந்த கார்த்திகா அந்த ஊர்ப் பேரைத் தலை நிமிர்ந்து சொன்னது, எனக்குத் தெரிந்து எல்லாச் சுவர்களையும்விடப் பெரிய வேலை.

இதற்கு மாற்று புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் ஆரம்ப காலத்தில் பல இடங்களில் குடிசை இருந்த இடத்திலேயே மூன்று, நான்கு மாடி கட்டிக் கொடுத்தது. அதே இடத்தில் கட்டினால் மட்டும் போதாது, சரி, புளியந்தோப்பு கே.பி. பூங்காக் குடியிருப்பில் பூச்சு உதிர்ந்ததை 2021இல் ஊரே பார்த்தது. ஆனால் அது கட்டுமானக் கோளாறு, திருத்திவிடலாம். இவ்வளவு தூரத்தை எப்படித் திருத்துவது?

ஊருக்குள் நிலம் இல்லை என்பார்கள். மாலுக்கும் மேம்பாலத்துக்கும் கிடைக்கிற நிலம் இதற்கு மட்டும் கிடைக்காது. அதைக்கூட விடுங்கள். 2022இல் ஆர்.ஏ. புரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தது பொதுத்தேர்வு நேரத்தில். தேர்வு முடியும் வரை காத்திருக்க நிலமும் வேண்டாம், பணமும் வேண்டாம்.