பிள்ளை கட்டிய பாலம் விழுந்தால் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்?

யாழ்ப்பாணத்துப் பாடசாலைக் கண்காட்சிகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ரெஜிபோம் பாலங்கள், மின்குமிழ் எரியும் வீடுகள், சுழலும் காற்றாலைகள் என்று எல்லாம் பழுதின்றி வரிசையாக நிற்கின்றன. பல அப்பாமார் இரவிரவாக விழித்திருந்து செய்து கொடுத்தவை. பக்கத்தில் நிற்கும் பிள்ளை பாடமாக்கிய விளக்கத்தை ஒப்புவிக்கிறது. "செய்யும்போது எங்கே பிழைத்தது?" என்று கேட்டால் ஆசிரியரின் முகத்தைப் பார்க்கிறது.

ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தரம் 5 புலமைப்பரிசிலிலிருந்து உயர்தரம் வரை, சரியான விடைக்கே புள்ளி என்ற பாதையில் வந்தவர்தான் அவரும். 2013 இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சியில் இயங்குகிறது. ஆனால் ஒரு பிள்ளை கட்டியது வகுப்பின் முன் சரிந்து விழும்போது, அடுத்த ஐந்து நிமிடம் என்ன செய்வது என்று ஆசிரியருக்கு யார் பழக்கினார்கள்?

தோல்வியே வெற்றியின் முதற்படி என்று சுவரில் எழுதிவைத்தால் போதாது. விழுந்ததால் மட்டும் எந்தப் பிள்ளையும் கற்பதில்லை. பல பிள்ளைகள் "எனக்கு இது வராது" என்றுதான் முடிவு கட்டுகிறார்கள். மனு கபூர் என்ற ஆய்வாளர் சிங்கப்பூர் வகுப்பறைகளில் கணிதத்தை வைத்துச் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்குகின்றன. முறையைச் சொல்லிக்கொடுக்கும் முன்பே கணக்கைத் தந்து மாணவர்களைத் திணறவிட்டார். பின்னர் அவர்களுடைய அரைகுறை விடைகளையே எடுத்து, சரியான முறையோடு ஒப்பிட்டுக் கற்பிக்கச் செய்தார். முதலிலேயே விளக்கம் கேட்டவர்களைவிட இவர்களுக்குக் கருத்து ஆழமாகப் புரிந்திருந்தது. திணறலுக்குப் பிறகு ஆசிரியர் செய்த அந்த வேலை இல்லாவிட்டால் பலன் கிடைத்திராது.

ஈர்க்கும் நூலும் கொண்டு கட்டிய ஒரு பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு வாளியைத் தொங்கவிட்டு, சிறிது சிறிதாக மணல் போடுகிறோம், பாலம் விழுகிறது. "இந்த இடத்தில் குறுக்கே ஒன்று கட்டு" என்று ஆசிரியர் சொன்னால் பாலம் நிற்கும், சிந்தனை நின்றுவிடும். எது முதலில் போனது என்று அவர் கேட்க வேண்டும். முடிச்சு வழுக்கியதா, ஈர்க்கு வளைந்து முறிந்ததா, சதுரச் சட்டம் சாய்ந்ததா? மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. சாய்ந்த சதுரத்தைக் கையால் தள்ளிப் பார்த்து, மூலைவிட்டமாக ஓர் ஈர்க்கைக் கட்டி மறுபடி தள்ளிப் பார்க்கும் பிள்ளைக்கு, முக்கோணம் ஏன் அசையாது என்பது விரலிலேயே விளங்கிவிடும். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதையும் அங்கேயே பழக்கலாம். மூன்றையும் ஒன்றாக மாற்றினால், எது காப்பாற்றியது என்று யாருக்கும் தெரியாது.

உண்மையான பொறியியலும் இப்படித்தான் வளர்ந்தது. அமெரிக்காவின் டகோமா நரோஸ் தொங்குபாலம் 1940 ஜூலையில் திறக்கப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் காற்றில் முறுகி வீழ்ந்தது. அந்த வீழ்ச்சியை விடாமல் ஆராய்ந்ததால்தான், பெரிய தொங்குபாலங்களின் மாதிரிகளைக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்துப் பார்ப்பது வழக்கமாயிற்று.

நமக்கும் இது புதிதல்ல. போர் நடந்த பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலில் இயந்திரத்தைத் தொடக்கி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். எந்தப் பாடநூலும் அதைச் சொல்லித்தரவில்லை. இன்றும் தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் குத்தி விழுந்தால், இளைஞர்கள் பட்டத்தைத் தாங்கும் முச்சைக் கயிற்றை அவிழ்த்துத் திருத்திக் கட்டி மறுபடி ஏற்றுகிறார்கள். யாரும் அவர்களுக்குப் புள்ளி குறைப்பதில்லை.

ஆகவே வலயக் கல்வி அலுவலகங்களிடமும் ஆசிரிய கலாசாலைகளிடமும் ஒன்றைக் கேட்கிறேன். செயலமர்வில் திரையில் படம் காட்டி விரிவுரை நடத்துவதை நிறுத்துங்கள். ஆசிரியர்களின் கையிலேயே ஈர்க்கையும் நூலையும் கொடுங்கள். அவர்கள் கட்டியது சக ஆசிரியர்களின் முன் விழட்டும். அந்தக் கூச்சத்தை அவர்கள் உணர வேண்டும். பிறகு, தீர்வைச் சொல்லாமல் கேள்வி கேட்பதை ஒருவரோடொருவர் பழகட்டும். வகுப்பில் இதற்கு இரண்டு பாடவேளைகளைச் சேர்த்துத் தாருங்கள், ஏனெனில் ஒரு பாடவேளை முதல் தடவை கட்டுவதற்கே போய்விடும். கணிப்பீட்டில், ஏன் விழுந்தது, எதை மாற்றினேன் என்று பிள்ளை எழுதும் குறிப்புக்கும் புள்ளி வழங்குங்கள். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. ஈர்க்கு எல்லா வளவிலும் கிடக்கிறது.