ரூபி எனக்குப் பிடித்திருக்கிறது

ஞாயிற்றுக்கிழமை தரமணிக் கூட்டத்தில் நடந்ததை உங்களில் பலர் நேரில் பார்த்தீர்கள். ரூபி என்ற நிரல்மொழியைப் பற்றி நான் பேசி முடித்ததும் மூத்தவர் ஒருவர் எழுந்து, "இன்னுமா ரூபி? மொழி வெறும் கருவி, பிடித்தது, பிடிக்காதது என்பதெல்லாம் கல்லூரிப் பிள்ளைகள் பேச்சு" என்றார். அரங்கமே சிரித்தது. அன்று எனக்கு வாய் வரவில்லை. இன்று சொல்கிறேன்: எனக்குப் பிடித்திருக்கிறது, அந்தக் காரணம் போதும்.

"இன்னுமா" என்றால் என்ன பொருள்? ரூபி பழசு என்றா? ரூபி வெளிவந்தது 1995இல். அவர் தினமும் எழுதும் ஜாவா மொழியும் அதே ஆண்டில்தான் வந்தது. பைதான் மொழி அதற்கும் முன்னால், 1991இல். ரூபியை உருவாக்கிய யுகிஹிரோ மாட்சுமோட்டோ, நிரல் எழுதுபவரின் மகிழ்ச்சியே தம் நோக்கம் என்று வெளிப்படையாகச் சொன்னவர். பெயர்ப் பட்டியலைச் சொல்லிப் புள்ளி வைத்து சார்ட், ரிவர்ஸ், ஃபர்ஸ்ட் 3 என்று தொடுத்தால், பெயர்களை வரிசைப்படுத்தி, திருப்பிப்போட்டு, முதல் மூன்றைத் தா என்று தமிழில் நினைத்த வரிசையிலேயே வேலை நடக்கிறது. எம்ப்டி என்பதன் இறுதியில் கேள்விக்குறி இட்டால், "காலியா?" என்று நாம் 'ஆ' சேர்த்துக் கேட்பது போலவே இருக்கிறது. புள்ளி வைத்துத் தொடுப்பது பிற மொழிகளிலும் உண்டு என்பீர்கள். உண்டு, எனக்கு அது முதலில் வாய்த்தது இங்கேதான்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வேளச்சேரி வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது, அம்மாவின் ஏலச்சீட்டு நோட்டு ஊறி மை கரைந்துபோனது. இருபது பேரிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதிவந்த துண்டுத்தாள்களை வைத்துக்கொண்டு, யார் எத்தனை தவணை கட்டினார், யார் சீட்டு எடுத்தார் என்று கணக்கிட ரூபியில் நாற்பது வரி எழுதினேன். இரவு இரண்டு மணிக்குத் தொகை பைசா பிசகாமல் நின்றது. அம்மா ஒவ்வொரு பெயராக வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் படுத்தார். பத்தாண்டுகளுக்கு மேலாக அலுவலகத்தில் ஜாவா எழுதுகிறேன். அப்படி ஓர் இரவு அங்கே எனக்குக் கிடைக்கவில்லை.

ரூபி வேகம் குறைந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வேலைவாய்ப்பு குறைவு என்பவர்களே, நான் அங்கே வேலை கேட்டா வந்தேன்? எனக்குப் பிடித்ததைப் பகிர்ந்துகொள்ளத்தானே வந்தேன்?

என்னைப் பார்த்துச் சிரித்ததோடு போயிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். முன்வரிசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த மாணவி, கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "அக்கா, நான் இதைப் படிப்பதை விட்டுவிடட்டுமா?" என்று கேட்டாள். விடாதே என்று நான் சொல்லிவிட்டேன். ஐயா, அவளிடம் நீங்களும் பேச வேண்டும்.