கடலில் சுவர் ஏது?
நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் டிரையத்லான் போட்டிக்குப் புதிதாக வருகிறவர்கள் குளத்தில் 1500 மீட்டரை நிற்காமல் நீந்தினால் போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அது பாதிதான் சரி. 25 மீட்டர் குளத்தில் அந்தத் தூரத்துக்கு 59 முறை சுவரை உதைத்துத் திரும்புகிறோம். ஒவ்வொரு உதையும் ஓசி வேகம். கடலில் சுவர் ஏது? நேராகப் போக வழிகாட்டும் கறுப்புக் கோடும் அடியில் கிடையாது. எங்கள் கிளப்பில் வாரம் ஒருநாள், ஆறேழு கைவீச்சுக்கு ஒருமுறை முதலை மாதிரி கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கித் திசை பார்த்துப் பழகுவோம். தலையை முழுசாகத் தூக்கினால் இடுப்பு இறங்கி, மூச்சு வாங்கிவிடும். இது தெரியாமல் கோவளத்தில் முதல்முறை இறங்கிய நான் வழிகாட்டும் மிதவையை விட்டு எங்கோ போய்விட்டேன். படகில் இருந்தவர் விசில் ஊதித்தான் திருப்பினார். அப்புறம், கால்களை ரொம்ப உதைத்துக் களைத்துவிடாதீர்கள். அடுத்து 40 கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க வேண்டும், அதற்குமேல் 10 கிலோமீட்டர் ஓட்டம்.