சுவரில் பெயின்ட் அடித்தால் மட்டும் போதுமா?

செல்போன், வைஃபை கதிர்வீச்சை வீட்டுக்குள் வராமல் தடுப்பது பற்றிய உங்கள் கட்டுரை, சுவரில் கார்பன் கலந்த பெயின்ட் அடித்துவிட்டால் கவலையே இல்லை என்கிற மாதிரி முடிகிறது. பெயின்ட் வேலை செய்யும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஜன்னலை யார் மூடுவது? 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலையின் நீளம் சுமார் 12.5 செ.மீ. அதில் பாதி, அதாவது ஆறு செ.மீ. நீளத்துக்கு ஒரு மெல்லிய இடுக்கு இருந்தாலே அலை சுலபமாக உள்ளே வந்துவிடும். உலோகப் பூச்சுள்ள கண்ணாடியோ, கம்பி வலையோ வைத்து, அதைச் சுவரின் பூச்சோடு இடைவெளி இல்லாமல் இணைக்க வேண்டும்.

"99% தடுக்கும்" என்ற விளம்பரமும் அப்படித்தான். சிக்னல் குறைவதை அளக்கும் டெசிபல் கணக்கில் அது வெறும் 20 டெசிபல், அதாவது நூறில் ஒரு பங்கு உள்ளே வரும். சிக்னல் நன்றாக உள்ள இடத்தில் அவ்வளவு குறைந்தாலும் போனில் தாராளமாகப் பேசலாம்.

எனக்கு உண்மையில் பயம் தருவது வேறு. அறையை அடைத்துவிட்டு உள்ளேயே செல்போன் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். சிக்னல் மங்கினால் கோபுரத்தை எட்டுவதற்காகப் போன் தன் சக்தியைக் கூட்டும், அதுவும் காதோரமாகவே. தயவுசெய்து இதைக் கட்டுரையில் சேருங்கள்.

அப்புறம், எர்த்திங். இந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தும். எர்த் செய்யாத சுவரில் பழுதான ஒயர் பட்டால் சுவரே ஷாக் அடிக்கும். தகுதியான எலெக்ட்ரீஷியன் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தை இந்தப் பெயின்ட் தடுக்காது, அதற்கு விலகி இருப்பதுதான் எளிய வழி.