நாலு டாங்கி போதுமாம்!

ஞாயிற்றுக்கிழமை காரைக்குடிக் கூட்டத்து வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். "நாலு டாங்கியை உள்ளே விட்டால் நகரம் கையில். காலாட்படை எல்லாம் பழைய கதை" என்றார் பேச்சாளர். எழுந்து மறுத்தேன். "அண்ணன் பேங்க் வாசலில் துப்பாக்கியோடு நிற்கிறவர், அப்படித்தான் சொல்வார்" என்றார். சபையே சிரித்தது. சரி, சிரிக்கட்டும்.

நாலு என்ன, 1994 டிசம்பர் 31 அன்று செச்சென்யாவின் தலைநகர் குரோஸ்னிக்குள் ரஷ்யர்கள் வரிசை வரிசையாகவே விட்டார்கள். கூடவே இறங்கி நடக்கப் போதிய காலாட்படை இல்லை. கிட்டத்தில் நின்றால் டாங்கிக் குழல் நிலவறைக்குத் தாழாது, மேல்மாடிக்கு நிமிராது. செச்சென்காரர்கள் ராக்கெட் லாஞ்சரோடு காத்திருந்தது அந்த இரண்டு இடத்திலும்தான். முன்னால் ஒன்று, கடைசியில் ஒன்று எரிந்தால் நடுவில் நிற்பதெல்லாம் பழைய இரும்பு. ரயில் நிலையத்தில் சிக்கிய ரஷ்யர்களின் மைக்கோப் படைப்பிரிவு சிதைந்தே போனது.

நகரத்தைப் பிடிக்கிறவன் நடந்து போகிறவன்தான். 1943 டிசம்பரில் இத்தாலியின் ஒர்டோனாவில் கனடாக்காரர்கள் தெருவில் இறங்குவதையே தவிர்த்தார்கள். பொதுச்சுவரில் வெடிவைத்து ஓட்டை போட்டு, அடுத்த வீட்டு மாடிக்குள் புகுந்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு அறையாகப் பிடித்தார்கள். எலிப்பொந்து என்றே அதற்குப் பெயர்.

எனக்கு அது புதிதில்லை. கானாடுகாத்தானில் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டுக்கு அப்பா காவல். (ஆமாம், பரம்பரைக் காவல்காரன்தான்.) முகப்பில் நுழைந்து, வளவு தாண்டி, அடுப்படி வழியாக அடுத்த தெருவில் வெளியே வரலாம். ஒளிந்து விளையாடும்போது தெருவில் ஓடியவன்தான் முதலில் மாட்டுவான். அந்தச் சுண்ணாம்புச் சுவரில் ஒரு குழாய் நுழைய ஓட்டை போடக் கொத்தனாருக்கு இரண்டு நாள் ஆனது. அதற்குப் பின்னால் ஒருவன் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தால்?

"ட்ரோன் இருக்கே" என்பீர்கள். இருக்கட்டும். கதவுக்குப் பின்னால் அழுவது குழந்தையா என்று பார்த்து, தூக்கிக்கொண்டு வருமா?

"அப்படியானால் காலாட்படை மட்டும் போதுமா?" போதாது. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய இந்திய அமைதிப்படையின் சீக்கிய இலகு காலாட்படையினர் 30 பேர். பின்னால் வரவேண்டிய ஆட்கள் வந்து சேரவில்லை. 29 பேர் இறந்தார்கள். இதை எழுதினால் இரண்டு பக்கமும் திட்டு விழும், தெரியும். அரசியல் பேச வரவில்லை. அந்த 29 பேரைப் பழைய கதை என்று சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

காலாட்படையில் பதினேழு வருடம் மூட்டை சுமந்த முழங்கால் இது. பேங்க் வாசலில் நிற்கும்போதும் அதுதான் வலிக்கிறது.

வீடியோவில் முன்வரிசையில் தொடையைத் தட்டிச் சிரிப்பவர் என் சம்பந்தி. ஆவணியில் அவர் வீட்டு விசேஷத்துக்கு மொய் எழுதப் போகணும்.